தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் வாசிப்புத் திட்டம்: முதல் பத்து வாரங்களுக்கான முழுமையான வழிகாட்டி

வாசிப்புத் திட்டம் என்றதும் பலர் முதலில் நூல் வாங்குகிறார்கள், அடுத்துச் சுவருக்குச் சாயம் அடிக்கிறார்கள், பிறகு திறப்பு விழா. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் புது நூல்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. நூல் வாங்குவது இந்த வழிகாட்டியில் ஐந்தாவது படி. அதற்கு முந்திய நான்கையும் முடிக்காமல் அங்கே போகாதீர்கள்.

மலேசியாவின் பாடாங் செராய், சுங்கை சிப்புட், பீடோர் போன்ற பட்டணங்களைச் சுற்றியுள்ள, 150 பேருக்கு மேல் போகாத பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியது இது. கணக்குகள் 84 மாணவர்கள் உள்ள ஒரு பள்ளிக்கானவை. உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

தலைமையாசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது நேரம்தான், பணத்தைப் பிறகு கேட்கலாம். வகுப்பு ஒன்றுக்கு வாரம் ஒரு பாடவேளை, அதாவது 30 நிமிடம், கால அட்டவணையில் அச்சாகியிருக்க வேண்டும். ‘முடிந்தபோது கூட்டி வாருங்கள்’ என்ற வாய்மொழி ஏற்பாடு விளையாட்டுப் போட்டிப் பயிற்சி தொடங்கும் மாதத்தில் காணாமல் போகும்.

பொருள்கள்: நான்கு நிறப் புள்ளி ஒட்டுத்தாள், அகலமான ஒளிபுகு ஒட்டுநாடா, இழுத்து மூடும் 84 பிளாஸ்டிக் சிப் பைகள், நூல் அட்டை முன்பக்கம் தெரிய நிற்கும் அளவுக்கு 8 கூடைகள், தடித்த அட்டை போட்ட இரண்டு பதிவேடுகள், தையல் ஊசி, மெழுகு தடவிய நூல். பாய் இருந்தால் போதும், நாற்காலி வேண்டாம். 20 பிள்ளைகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவே ஐந்து நிமிடம் போய்விடும்.

ஆள்: நூலகப் பொறுப்பாசிரியர் ஒருவர், படிநிலை ஒன்றில், அதாவது முதல் மூன்று ஆண்டுகளில், பாடம் எடுக்கும் தமிழாசிரியர் ஒருவர், ஐந்தாம் ஆண்டிலிருந்து ஆறு நூலகக் கண்காணிப்பாளர்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைப் போடாதீர்கள். வேலை பழகி முடிக்கும்போது பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள்.

2. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கக் கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம். ஆண்டு நான்கு என்றால் ஆண்டு நான்கு நூல் என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரே வகுப்பில் ஒரு பிள்ளை பத்தியைச் சரளமாக வாசிக்கும், இன்னொன்று ‘கொ’வையும் ‘கோ’வையும் பிரித்தறியத் தடுமாறும். இது தெரியாமல் வாங்கும் நூலில் பாதி யாருக்கும் பொருந்தாது.

மூன்று பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டு ஒன்று, இரண்டுக்கு 20 சொல். மூன்று, நான்குக்கு 50. ஐந்து, ஆறுக்கு 80. பாடநூலிலிருந்து எடுக்காதீர்கள், மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். பிள்ளைக்கு மூன்று நிமிடம். 84 பேருக்கு நாலேகால் மணி நேரம் ஆகாது. நாளுக்கு 25 நிமிடம் ஒதுக்கினால் பதினொரு பள்ளி நாளில் முடிந்துவிடும்.

எதைப் பிழையாக எண்ணுவது என்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளப்பளம்’ என்று படித்தால் அது வாசிப்புப் பிழையன்று, வீட்டில் அப்படித்தான் பேசுகிறார்கள். உச்சரிப்பைத் தமிழ்ப் பாடவேளையில் திருத்திக்கொள்ளலாம். ‘கொடி’யைக் ‘கோடி’ என்று படித்தால் பொருளே மாறுகிறது, அது பிழை. புள்ளியை விட்டுவிட்டு ‘பட்டம்’ என்பதைப் ‘படடம்’ என்று படிப்பதும் பிழை. 50 சொல்லில் ஐந்துக்கு மேல் தடுமாறினால் அந்தப் பகுதி அந்தப் பிள்ளைக்குக் கடினம். ஒரு படி கீழே உள்ளதைக் கொடுத்துப் பாருங்கள்.

வாசித்து முடித்ததும் ‘என்ன நடந்துச்சு?’ என்று ஒரே கேள்வி. சந்தைக்குப் போனான் என்பதைப் ‘பசாருக்குப் போனான்’ என்று சொன்னாலும் சரியே. சோதிப்பது புரிதலை.

முடிவை நான்கு குழுவாக எழுதுங்கள்: எழுத்துக்கூட்ட முடியாதவர்கள், எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லைப் பிடிப்பவர்கள், வரியாக வாசித்தும் பொருள் பிடிபடாதவர்கள், வாசித்துக் கதையும் சொல்பவர்கள். இந்தப் பட்டியல் ஆசிரியர்களுக்குள் இருக்கட்டும், சுவரில் ஒட்டாதீர்கள்.

3. அலமாரியைக் களையுங்கள்

சிறிய பள்ளி நூலகத்தில் நூல் குறைவு என்பார்கள். எண்ணினால் ஆயிரம் இருக்கும். அவற்றில் பிள்ளை வாசிக்கக்கூடியது இருநூறு தேறினால் பெரிது.

ஆறாம் ஆண்டு இறுதியில் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வுக்கான பயிற்சி நூல்களை முதலில் எடுங்கள். 2021-இல் அந்தத் தேர்வே ஒழிந்துவிட்டது, ஆனால் பல நூலகங்களில் கண்மட்டத்திலுள்ள தட்டு இன்னும் அவற்றுக்கே. அடுத்துக் கோயில் ஆண்டு மலர்கள், நன்கொடையாக வந்த பெரியவர்களுக்கான நாவல்கள், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சுகள். இந்தக் கடைசி வகையைச் சிலர் அரிய நூல் என்று விட்டுவைக்கிறார்கள். ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகளின் பழைய வடிவத்தைப் பார்த்ததும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். அரிய நூலானால் ஆசிரியர் அறையில் வையுங்கள்.

களைவதென்றால் பழைய தாள் லாரியில் ஏற்றுவதன்று. பள்ளி நூல்கள் அரசுச் சொத்துப் பதிவில் இருப்பவை. பதிவு எண்ணோடு பட்டியலிட்டு, தலைமையாசிரியரின் ஒப்புதல் வாங்கி, நீக்கும் நடைமுறை முடியும்வரை பெட்டியில் கட்டி வையுங்கள். கணக்காய்வின்போது எண் இருந்து நூல் இல்லாவிட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பூசணம் பிடித்தவற்றை அறைக்கு வெளியே உலர்ந்த துணியால் துடையுங்கள், ஈரத்துணி கூடவே கூடாது. பக்கங்களை அரிக்கும் வெள்ளிப்பூச்சிக்கு மருந்து அடிப்பதைவிட உறையவைப்பது மேல். நூலைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, கேண்டீன் அக்காவிடம் கேட்டு உறைபெட்டியில் ஒரு மூலை வாங்கி, இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் வெளியில் இருந்து குளிர் முழுதும் இறங்கட்டும். உடனே பிரித்தால் தாளில் நீர் பூத்து, பூச்சி போன இடத்தில் பூசணம் வந்து உட்காரும்.

அலமாரியைச் சுவரிலிருந்து 10 செண்டிமீட்டர் தள்ளி வையுங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 செண்டிமீட்டராவது உயர்ந்திருக்கட்டும். சுவரோடு ஒட்டிய மர அலமாரிக்குக் கறையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது பின்பலகையே இருக்காது.

4. மிஞ்சியவற்றுக்கு நிறம் போடுங்கள்

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி எண்முறையைப் பதிவேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எண்ணைப் பார்த்து நூல் தேடாது, நிறத்தைப் பார்த்துத் தேடும்.

சிவப்பு: பக்கத்துக்கு ஒரு வரி, அல்லது படம் மட்டும். மஞ்சள்: இரண்டு முதல் நான்கு வரி. பச்சை: பக்கத்துக்கு ஒரு பத்தியும் படமும். நீலம்: அத்தியாயம் பிரித்த கதைகள்.

வரிக்கணக்கை மட்டும் நம்பாதீர்கள். சொற்கள் சேர்ந்து நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘வந்து பார்த்தான்’ மஞ்சள். ‘வந்துபார்த்தானென்றாலும்’ இருந்தால், இரண்டே வரியானாலும் பச்சை. ஒரு சொல் வரி முடிவில் உடைந்து அடுத்த வரியில் தொடர்கிறதா என்பதும் முக்கியம். எழுத்துக்கூட்டும் பிள்ளை முதல் பாதியை அடுத்த வரிக்கு வருவதற்குள் மறந்துவிடும். அப்படிப்பட்ட நூலைச் சிவப்பிலோ மஞ்சளிலோ போடாதீர்கள்.

முதுகு உள்ள நூலுக்குப் புள்ளியை முதுகில், அடியிலிருந்து 5 செண்டிமீட்டர் மேலே ஒட்டுங்கள். நடுவில் பின் அடித்த மெல்லிய நூலுக்கு முதுகே கிடையாது. முன் அட்டையின் மேல் இடது மூலையில் ஒட்டினால் கூடையில் புரட்டும்போது தெரியும். மேலே ஒளிபுகு ஒட்டுநாடா கட்டாயம். இல்லாவிட்டால் நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஒரு மாதத்தில் சுருண்டு விழும், பிள்ளைகள் அதைப் பிய்த்து நெற்றியில் ஒட்டிக்கொள்வார்கள்.

பின்கள் துருப்பிடித்திருந்தால் இப்போதே கழற்றிவிட்டுத் தைத்துவிடுங்கள். மடிப்பில் மூன்று துளை. ஊசியை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே எடுங்கள். மேல்துளையில் உள்ளே விட்டு, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே எடுங்கள். மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே வந்து, உள்ளே ஓடும் நீளத் தையலின் இருபுறமும் இரு முனைகளையும் வைத்து முடிச்சுப் போடுங்கள். கண்காணிப்பாளர்களுக்கு ஒரு நாளில் கைவந்துவிடும். துருப்பிடித்த பின் கையைக் குத்துவதோடு, நடுத்தாளையும் முதலில் உதிர்ப்பது அதுதான்.

5. இப்போது வாங்குங்கள்

இரண்டாம் படியின் பட்டியல் இங்கே கைகொடுக்கும். எழுத்துக்கூட்ட முடியாதவர்கள் 16, கூட்டி வாசிப்பவர்கள் 26, வரியாக வாசிப்பவர்கள் 24, சரளமானவர்கள் 18 என்று வைத்துக்கொள்வோம். சிவப்பில் ஆளுக்கு 8 நூல், மஞ்சளில் 6, பச்சையில் 4, நீலத்தில் 3. கூட்டினால் 128, 156, 96, 54, மொத்தம் 434. சிவப்பில் ஏன் இவ்வளவு? ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் நூல் அது. குறைவாக இருந்தால் மூன்றாவது வாரமே ‘படிச்சிட்டேன் டீச்சர்’ என்று திரும்பி வரும். ஆனால் நன்கொடையாளர்களும் நிர்வாகிகளும் வாங்கித் தருவது தடித்த நூல்களையே. மெல்லிய நூலைப் பார்த்தால் காசுக்கு ஏற்ற பொருளில்லை என்று நினைக்கிறார்கள்.

கையிருப்பைக் கழித்துவிட்டு, தேவையில் பாதியை மட்டும் வாங்குங்கள். மறுபாதி ஆறாவது வாரத்துக்குப் பிறகு. எது ஓடுகிறது என்று தெரியாமல் முழுப்பணத்தையும் இறக்காதீர்கள்.

மாணவர் எண்ணிக்கைப்படி அரசு தரும் பிசிஜி மானியத்தில் வள மையத்துக்கு, அதாவது நூலகத்துக்கு, உரிய பகுதி எவ்வளவு என்று எழுத்தரிடம் கேளுங்கள். பற்றாக்குறைக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம். கொள்முதல் ஆணை எழுதுமுன் நூல் கண்காட்சியில் கைக்காசு போட்டு வாங்கி வராதீர்கள். அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

சிவப்பு, மஞ்சளுக்கு இன்னொரு வழி உண்டு. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நான்கு நிலையாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருவதால் அச்சடித்துப் பயன்படுத்தலாம். எழுதியவர், வரைந்தவர் பெயர் உள்ள பக்கத்தை விட்டுவிடாதீர்கள். நடுவில் மடித்துத் தைப்பதென்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக வர வேண்டும். குறைந்தால் வெற்றுப்பக்கம் சேருங்கள்.

தமிழ்நாட்டு அச்சு நூல்களை வாங்கும்போது பத்துப் பக்கம் புரட்டிச் சொற்களைப் பாருங்கள். திண்ணை, கிணற்றடி, மார்கழிப் பனி என்று வந்தால் பயந்து ஒதுக்க வேண்டாம். திண்ணையை ‘நம்ம அஞ்சடி (வாசல் முன்புற நடை) மாதிரி, மண்ணால மேடை கட்டியிருக்கும்’ என்று சொன்னால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். பக்கத்துக்கு ஒன்று வந்தால் பரவாயில்லை. நான்கு வந்தால் உரக்க வாசிக்கும் கூடைக்கு மாற்றுங்கள். செம்பனை, ரம்புத்தான், தோட்டத்து லாரி வரும் கதைகளுக்கு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளையே எட்டுப் பக்கம் எழுதி வரையச் சொல்லுங்கள். தைத்து, எண் போட்டு, மற்ற நூல்களோடு கூடையில் வையுங்கள்.

6. முப்பது நிமிடத்தைப் பிரிக்கும் முறை

உட்கார 3 நிமிடம். ஆசிரியர் உரக்க வாசிக்க 10. தனியாகவோ இணையாகவோ வாசிக்க 12. நூல் மாற்ற 5.

நூல் மாற்றுவதை முதலில் வைக்காதீர்கள். புது நூலைக் கையில் கொடுத்துவிட்டுக் கதை கேள் என்றால் யார் கேட்பார்கள்? தனி வாசிப்பை 12-க்கு மேல் நீட்டவும் வேண்டாம். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அதுவே நெடுநேரம்.

கூட்டு வகுப்பு நடத்தும் மிகச் சிறிய பள்ளியில் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்தே கொண்டு வாருங்கள். நிறமுறை இருப்பதால் ஒன்றும் கெடாது.

7. உரக்க வாசிக்கும் பத்து நிமிடம்

திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எழுத்துக்கூட்ட முடியாத 16 பேருக்கும் முழுக்கதை கிடைக்கும் ஒரே இடம் இது.

முதல் நாளே நூலை இருமுறை வாசித்துவிடுங்கள். நிறுத்த வேண்டிய மூன்று இடங்களில் தாள்துண்டு செருகுங்கள்: ஏதோ நடக்கப்போகும் பக்கம், படம் சொல்லி எழுத்து சொல்லாத பக்கம், முடிவுக்கு முந்திய பக்கம். மூன்றுக்கு மேல் நிறுத்தினால் கதை பாடமாகிவிடும்.

நூலை மார்புக்கு நேரே பிடிக்காதீர்கள். பக்கவாட்டில், தோள் உயரத்தில் பிடித்தால் படமும் தெரியும், உங்களுக்கு எழுத்தும் தெரியும். ஒரு வரிசையில் ஏழு பேருக்கு மேல் உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவர்களுக்குப் படத்தில் விளக்கின் வெளிச்சம்தான் தெரியும். அரைவட்டமாக மூன்று வரிசை போடுங்கள்.

எழுத்துத் தமிழை அப்படியே வாசியுங்கள், உரையாடலை மட்டும் பேசுவதுபோல் வாசியுங்கள். புரியவில்லையோ என்று வரிக்கு வரி பேச்சுத்தமிழில் பெயர்த்துச் சொல்லும் பழக்கம் பலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் எழுத்துத் தமிழின் ஓசை பிள்ளையின் காதில் ஏறவே ஏறாது.

கதை முடிந்ததும் நம் வாயில் தானாக வரும் கேள்வி: ‘இந்தக் கதையிலிருந்து என்ன படிப்பினை?’ கேட்காதீர்கள். இருபது பேரும் ஒரே குரலில் ‘பொய் சொல்லக்கூடாது டீச்சர்’ என்பார்கள், கதையில் யாரும் பொய்யே சொல்லியிருக்காவிட்டாலும். ‘எந்தப் பக்கத்தை மறுபடி பார்க்கணும்?’ என்று கேளுங்கள். சண்டை போட்டுக்கொண்டு பதில் வரும்.

8. இணை வாசிப்பு

நான்காவது வாரத்தில் தொடங்குங்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, ஒரே நூல்.

சரளமாக வாசிப்பவர்களை மட்டும் அண்ணன் அக்காவாகப் போடுவது வழக்கமான பிழை. ஐந்தாம் ஆண்டில் தடுமாறும் பிள்ளைக்குச் சிவப்பு நூலைக் கையில் எடுக்க வெட்கம். ‘தம்பிக்குப் படிச்சுக் காட்டணும், ஒருமுறை பார்த்துக்கோ’ என்றால் அதே நூலை மூன்று முறை வாசித்துவிட்டு வரும். வேண்டியது அந்த மூன்று முறைதான்.

9. வீட்டுக்கு இரவல்

இரண்டாவது வாரமே தொடங்குங்கள். ‘பழகட்டும், பிறகு கொடுக்கலாம்’ என்றால் அந்தப் பிறகு வராது. வெள்ளி கொடுத்துப் புதன் வாங்குங்கள். கெடாவைப் போலப் பள்ளி வாரம் வேறு என்றால் வாரத்தின் கடைசி நாளில் கொடுங்கள். சிப் பை இல்லாமல் ஒரு நூலும் போகக்கூடாது. பள்ளி வேனுக்கு ஓடும் நேரமும் மாலை மழையும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும்.

பிள்ளை தானாக வாசிக்கும் நூலா என்று பார்க்க விரல் சோதனை உண்டு: ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, ஐந்தும் மடங்கினால் நூல் கடினம். தமிழ்ப் படக்கதையில் ஒரு பக்கத்தில் முப்பது சொல் இருந்தாலே பெரிது. அதனால் நமக்கு மூன்று விரல் போதும்.

பதிவேட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள், நாளுக்கு ஒரு பக்கம் வேண்டாம். நாள், நூல் எண், நிறம், திரும்பிய நாள், ஒரு குறி. ‘பி’ என்றால் பிடித்தது, ‘பா’ என்றால் பாதியில் விட்டது. பாதியில் விடுவது குற்றமன்று. நான்கு ‘பா’ தொடர்ந்து வந்தால் நிறம் தவறு, பிள்ளையை ஒரு படி இறக்குங்கள்.

பெற்றோர் கையொப்பம் கேட்காதீர்கள். வேலை முடிந்து வரும் அம்மா ஐந்து நூலுக்கும் ஒரே மூச்சில் கையொப்பம் போட்டு அனுப்புவார். தமிழ் எழுத்துத் தெரியாத பாட்டி அதற்கும் கூசுவார். ‘வீட்டுல யார்கிட்டயாவது கதையைச் சொல்லிட்டு வா’ என்பது போதும்.

தொலைந்த நூலுக்கு அபராதம் வைத்தால் பிள்ளை நூலோடு சேர்ந்து நூலகத்தையும் விட்டுவிடும். வாங்கும்போதே நூற்றுக்குப் பத்து நூல் போகும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

10. நிலாம் பதிவு

பிள்ளை வாசித்த நூல்களைக் கணினியில் பதியும் கல்வி அமைச்சின் வாசிப்புத் திட்டம் நிலாம். அந்தப் பதிவு கட்டாயம் உள்ளதுதான், ஆனால் வாசிப்புக்குப் பின்னால் வர வேண்டியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு கணினிக்கு நான்கு பேர் என்று நாள் குறியுங்கள். நேரத்தைத் தின்பது பதிவு வேலையல்ல, கல்வி அமைச்சின் டெலிமா இணையத் தளத்துக்கான, மறந்துபோன கடவுச்சொல். பதிவு நாளுக்கு முதல் நாளே வகுப்பாசிரியர் சரிபார்த்துவிட வேண்டும். மலாய், ஆங்கில நூல்களும் பதிவில் சேரும், அவற்றுக்கும் இரண்டு கூடை வையுங்கள்.

அதிக எண்ணிக்கைக்குப் பரிசு என்று அறிவித்தால் நீல நூல் வாசிக்கக்கூடிய பிள்ளை நாற்பது சிவப்பு நூலைப் பதிந்து கோப்பை வாங்கிக்கொண்டு போகும். பரிசு கொடுத்தே ஆக வேண்டுமானால் நிறம் தாண்டியவர்களுக்குக் கொடுங்கள்.

11. ஆறாவது வாரமும் பத்தாவது வாரமும்

ஆறாவது வாரம் கூடைகளைக் கவிழ்த்து, ஒருமுறைகூடப் போகாத நூல்களைத் தனியே எடுங்கள். அவற்றில் மூன்றை அடுத்த வாரம் உரக்க வாசியுங்கள். அதன்பிறகும் போகாவிட்டால் அந்த வகையை மீண்டும் வாங்காதீர்கள். மீதிப் பாதிப் பணத்தை இப்போது செலவிடுங்கள்.

பத்தாவது வாரத்தில், இரண்டாம் படியில் நடத்திய சோதனையைத் திரும்ப நடத்துங்கள். வேறு பகுதி, அதே சொல் எண்ணிக்கை. முதல் குழுவிலுள்ள 16 பேரை முதலில் கேளுங்கள். அவர்களில் அசையாமல் நிற்பவர்களுக்கு இந்தத் திட்டம் மட்டும் போதாது, எழுத்து கற்பிக்கும் குறைநீக்கல் வகுப்பும் சேர்ந்து நடக்க வேண்டும்.

பள்ளி விடுமுறை வந்தால் நூல்களை வாங்கிப் பூட்டாமல் ஆளுக்கு மூன்று கொடுத்தனுப்புங்கள். ஆண்டு இறுதிக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே இரவலை நிறுத்தி, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் முதலில் திரும்ப வாங்குங்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளையிடமிருந்து நூல் திரும்புவது அரிது.